பாத்ரூம் சுவர் டைல்ஸை எடுக்க மூணு மணி நேரம் போதுமா?

பெங்களூரு ஜீவன்பீமாநகர்ல இருக்கிற ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. வீடு 1998-ல கட்டினது. பாத்ரூம் 5-க்கு 8 அடி, சுவர்ல 7 அடி உயரத்துக்கு 8-க்கு 12 இன்ச் வெள்ளை டைல்ஸ். டைலோட மேல் பளபளப்புப் பூச்சான கிளேஸ் மேல முடி முடியா விரிசல், ஷவர் பக்கம் ரெண்டு டைல் உப்பிக்கிட்டு நிக்குது. பார்க்க வந்த கான்ட்ராக்டர், "பிரேக்கர் மெஷின் வச்சா மூணு மணி நேரம், மத்தியானத்துக்குள்ள சுவர் காலி"ன்னு சொல்லியிருக்கார். அந்தச் சுவருக்கு மறுபக்கம் மாமியார் ரூம், சுவரை ஒட்டி மர பீரோ. சுவர் உடையாம டைல்ஸை மட்டும் எடுக்க முடியுமா, மூணு மணி நேரத்துக்கு ஒத்துக்கலாமா, இதுதான் கேள்வி.

ஒத்துக்காதீங்க அக்கா. கணக்குப் போட்டுப் பாருங்க. சுத்தளவு 26 அடி, உயரம் 7 அடி, கதவைக் கழிச்சா ஏறக்குறைய 165 சதுர அடி. 8-க்கு 12 டைல்னா 250 டைல் கிட்ட வரும். மூணு மணி நேரத்துல 250 டைல்னா ஒரு டைலுக்கு முக்கால் நிமிஷம்கூட இல்லை. அந்த வேகத்துல வேலை செய்றவர் டைலுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பார்க்க மாட்டார். பார்க்கவும் முடியாது. நாங்க ரெண்டு பேர் கையால செய்யும்போது இதே அளவுக்கு முழுசா ரெண்டு நாள் எடுத்துக்குவோம், சில வீட்டுல மூணாவது நாளும் போகும்.

"சுவர் உடையாம"ன்னு நீங்க கேட்கிறதுல முதல்ல ஒண்ணைத் தெளிவுபடுத்திக்கணும். டைலுக்குப் பின்னால சிமென்ட் பால், அதுக்குப் பின்னால பூச்சு, அதுக்கும் பின்னால செங்கல்லோ பிளாக்கோ. பூச்சு 12 மில்லிலேர்ந்து 20 மில்லி கனம் இருக்கும். டைலைப் பேர்க்கும்போது இந்த அடுக்குகள்ல எந்த ஒட்டு பலவீனமோ அங்கதான் பிரியும். சில இடத்துல டைல் மட்டும் தனியா வரும், சில இடத்துல பூச்சையும் சேர்த்து அப்பளமா கழட்டிக்கிட்டு வரும். எங்க பிரியணும்னு நம்மால சொல்ல முடியாது. அடி எவ்வளவு ஆழம் போகணும்னு மட்டும்தான் நம்ம கையில இருக்கு. அதனால பூச்சு போனா போகட்டும்னு மனசைத் தயார் பண்ணிக்கோங்க. உங்க வீட்டு வயசுக்குப் பாதிப் பூச்சு வரைக்கும் போகலாம், அது திரும்பப் பூசிக்கிற விஷயம். காப்பாத்த வேண்டியது செங்கல், பைப், கரண்ட் வயர் போற குழாய், கீழ இருக்கிற வாட்டர் ப்ரூஃப், மறுபக்கத்துச் சுவர். இந்த அஞ்சும் பத்திரமா இருந்தா சுவர் உடையலைன்னு அர்த்தம்.

உங்க டைல் பழைய செராமிக். அதோட உடம்பு செங்கல் மாதிரி தண்ணியைக் குடிக்கும், எடையில பத்து சதவீதத்துக்கு மேல. அதனாலதான் அந்தக் காலத்துல ஒட்டுறதுக்கு முன்னாடி தொட்டியில ஊற வச்சு எடுத்தாங்க. சிமென்ட் பால் அந்த நுண்ணுண்ணிய ஓட்டைக்குள்ள போய் பிடிச்சிருக்கும், டைல் முழுசா வராம துண்டு துண்டா உடைஞ்சு வரும். விட்ரிஃபைடு டைல் இதுக்கு நேர்மாறு. அரை சதவீதம்கூடத் தண்ணி குடிக்காது. வெறும் சிமென்ட்ல ஒட்டியிருந்தா உளி பட்டதுமே பலகை மாதிரி முழுசா கழண்டு விழும். பின்பக்கம் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கும். கால்ல விழுந்தா காலே போச்சு. டைலுக்குன்னே வர்ற பசையான அட்ஹெசிவ் போட்டு ஒட்டினதுன்னா அது மூணாவது ரகம், விடாப்பிடியா நிக்கும். 1998-ல உங்க வீட்டுக்கு அட்ஹெசிவ் போட்டிருப்பாங்கன்னு நான் நினைக்கலை.

உப்பின டைலும் முடி விரிசலும் ஒரே கதைதான். செராமிக் உடம்பு வருஷக்கணக்கா ஈரத்தைக் குடிச்சுக் குடிச்சு கொஞ்சம் கொஞ்சமா விரியும். மேல இருக்கிற கிளேஸ் அந்த அளவுக்கு விரியாது, அதனால வெடிப்பு விடும். ஜாயிண்ட்ல இடம் விடாம ஒட்டியிருந்தா பக்கத்து டைல் நெருக்கித் தள்ளி, நடுவுல இருக்கிறது எழும்பிடும். வேலை ஆரம்பிக்க இது நல்ல இடம்.

வேலைக்கு முதல் நாள் ஒரு அஞ்சு ரூபாய்க் காசை எடுத்துக்கிட்டு எல்லா டைலையும் தட்டிப் பாருங்க, நாலு மூலையிலயும் நடுவுலயும். நல்லா ஒட்டியிருந்தா "டக் டக்"னு கெட்டியா கேக்கும். உள்ளே காலின்னா சத்தம் பானையைத் தட்டின மாதிரி வரும். காலியா இருக்கிறதுல மார்க்கர் பேனாவால ஒரு வட்டம் போட்டு வச்சிடுங்க. முக்கால்வாசி டைல்ல வட்டம் விழுந்தா வேலை சுலபம். வட்டமே விழலைன்னா, அதுவும் நாலு இன்ச் சுவர்னா, எடுக்கவே வேணாம், பழைய டைல் மேலயே அட்ஹெசிவ் வச்சு புதுசு ஒட்டிடலாம்னு நானே சொல்லுவேன். அதுல 12 லேர்ந்து 15 மில்லி வரைக்கும் சுவர் உள்ள தள்ளி வரும், தண்ணி டேப் எல்லாத்துக்கும் எக்ஸ்டென்ஷன் போடணும், கதவு நிலைக்கிட்ட படி மாதிரி தெரியும். உங்க கேஸ்ல டைல் எழும்பியிருக்கு, ஈரமும் இருக்கு, அதனால அந்த வழி கிடையாது. எடுத்துத்தான் ஆகணும்.

அடுத்து சுவர் எதால கட்டினதுன்னு தெரிஞ்சுக்கணும். மாமியார் ரூம்ல சுவிட்ச் போர்டு ஒண்ணைக் கழட்டிப் பார்த்தா உள்ள தெரியும். சிவப்பா இருந்தா செங்கல், சாம்பல் நிறமா ஜல்லி தெரிஞ்சா சாலிட் பிளாக், வெள்ளையா நகத்தால கீறினா மாவா வந்தா லைட்வெயிட் பிளாக். கதவு நிலைக்கிட்ட சுவரோட மொத்தக் கனத்தையும் டேப் வச்சு அளந்துக்கோங்க. அந்தக் காலத்து பெங்களூரு வீடுகள்ல பாத்ரூம் தடுப்புச் சுவர் பெரும்பாலும் நாலரை இன்ச் செங்கல் இல்லைன்னா நாலு இன்ச் சாலிட் பிளாக். ஒன்பது இன்ச் செங்கல் சுவர்னா கொஞ்சம் தாங்கும். நாலு இன்ச்சுன்னா செங்குத்தா விழுற ஒவ்வொரு அடியும் மறுபக்கம் போய்ச் சேரும். லைட்வெயிட் பிளாக்னா மெஷினைக் கிட்டயே கொண்டு வரக் கூடாது, உளி வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்கிடும். களிமண் ஹாலோ பிளாக்கும் அப்படித்தான், உள்ள இருக்கிற மெல்லிசுத் தடுப்பு நொறுங்கி ஓட்டை விழுந்துடும். அந்தச் சுவர்ல டைலை அறுக்கிற கிரைண்டர் மெஷினால நாலு இன்ச் நாலு இன்ச் கட்டமா அறுத்துட்டு ஒவ்வொரு கட்டமா கிளப்பணும். சிவாஜிநகர், அல்சூர் பக்கம் பழைய வீடுகள்ல இன்னொண்ணு பார்த்திருக்கேன். களிமண் கலவையில கட்டின சுவர், மேல சுண்ணாம்புப் பூச்சு, அது மேல பின்னால யாரோ ஒட்டின டைல். அங்க பூச்சு மொத்தமும் டைலோட வந்துடும், நிச்சயம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் மட்டும் எடுத்து, அதைப் பூசி ஆற விட்டுட்டுத்தான் அடுத்த பக்கத்துல கை வைக்கணும்.

இப்ப பைப். இதை நான் கொஞ்சம் நீட்டியே சொல்றேன், காரணம் இருக்கு.

லிங்கராஜபுரத்துல ஒரு வீடு. நான் அப்ப அப்பாகிட்டேர்ந்து தனியா வேலை எடுக்க ஆரம்பிச்ச புதுசு. அவசரத்துல ஒரு ஆள்கிட்ட மெஷினைக் கொடுத்துட்டு டைல் கடைக்குப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப சுவர் சுத்தமா இருந்துச்சு, பைப்ல ஒரு சொட்டுத் தண்ணியும் வரலை. மூணு மாசம் கழிச்சு ஹால்ல, தரையிலேர்ந்து ஒன்றரை அடி உயரத்துல ஈர வட்டம். புது டைல் ஆறு கழட்டிப் பார்த்தோம். உள்ள பழைய ஜி.ஐ. பைப்போட (துத்தநாகம் பூசின இரும்பு பைப்) எல்போ, அதாவது பைப் வளையுற இணைப்பு. அதோட மரையில மயிர் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. மெஷின் நேரா பைப் மேல படவே இல்லை. ஒரு கை தள்ளித்தான் உளி இறங்கியிருக்கு. அதிர்ச்சி பைப் வழியா ஓடி, துருவால ஏற்கெனவே மெலிஞ்சிருந்த மரையில போய் நின்னுடுச்சு. வீட்டுக்காரம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லலை, டீ போட்டுக் கொடுத்தாங்க. அந்த ஆறு டைலையும் ஹால் பெயிண்ட்டையும் என் செலவுல செஞ்சு கொடுத்தேன். அதுக்கப்புறம் பைப் போற கோடு தெரியாத சுவர்ல மெஷின் வைக்க நான் விட்டதே கிடையாது.

உங்க வீட்டுக்கும் ஜி.ஐ. பைப்பா இருக்க வாய்ப்பு அதிகம். பைப் எங்க போகுதுன்னு முதல்ல குறிங்க. ஒவ்வொரு டேப்புக்கும், சுவர்லேர்ந்து தண்ணியை மூடித் திறக்கிற ஆங்கிள் காக்குக்கும் நேர் மேலயும் நேர் கீழயும் ஒரு கை அகலத்துக்குக் கோடு. ரெண்டு டேப்புக்கு நடுவுல படுக்கையா ஒரு கோடு. கீஸர் பாயிண்ட்லேர்ந்து, சூடு தண்ணியையும் பச்சைத் தண்ணியையும் கலந்து ஷவருக்கு அனுப்புற டைவர்ட்டர் வரைக்கும் ஒரு கோடு. கீஸர் பிளக் இருக்கிற இடத்துலேர்ந்து மேல சீலிங் வரைக்கும் வயர் போகும், அதுக்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள்ள மெஷின் கிடையாது, கை உளி மட்டும்தான், அதுவும் மெதுவா. வேலை செய்ற தம்பி ராய்ச்சூர்க்காரரோ கலபுரகிக்காரரோ இருந்தா கன்னடத்துலயே "நிதானவாகி"ன்னு ஒரு வார்த்தை சொல்லி, கோட்டைத் தொட்டுக் காட்டுங்க. சிவப்பு மார்க்கர் எல்லா மொழிக்கும் புரியும்.

தண்ணியை மூடுறதுல நம்ம ஊருக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. ஓவர்ஹெட் டேங்க் கேட் வால்வை மூடிட்டு எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சுக்குவாங்க. நிறைய வீட்டு மாடியில சோலார் ஹீட்டர் இருக்கு, அதுலேர்ந்து சூடு தண்ணி தனி லைன்ல இறங்குது. டேங்க்கை மூடினாலும் சோலார் டேங்க்ல நிக்கிற கொதிக்கிற தண்ணி அப்படியே இருக்கும். சில வீட்டுல காவேரிக்கு ஒரு லைன், போர் தண்ணிக்கு ஒரு லைன்னு வேற. எல்லா வால்வையும் மூடி, பாத்ரூம் டேப் எல்லாத்தையும் திறந்து விட்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் வடிய விடுங்க. அப்புறம் டேப்பையெல்லாம் கழட்டி டம்மி பிளக் போட்டு மூடிடணும், பைப் வாய்க்குள்ள ஜல்லி போனா அப்புறம் ஷவர்ல தண்ணி வராது. பழைய ஜி.ஐ.ல டேப் இறுகிப் போயிருந்தா பலத்தைக் காட்டித் திருகாதீங்க. ஒரு ஸ்பானரால சுவர் பக்கத்து ஃபிட்டிங்கைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு ஸ்பானரால டேப்பைத் திருப்பணும். மெயின் போர்டுல பாத்ரூம் எம்.சி.பி. சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, வெளியிலேர்ந்து ஒரு வயர் இழுத்து லைட் போட்டுக்கோங்க.

தரையில தண்ணி வடியுற ஓட்டை, அதான் நஹானி ட்ராப், அதை மறக்காதீங்க. பழைய துணியை உருட்டி உள்ள திணிச்சு, மேல பாலிதீன் போட்டு டேப் ஒட்டிடுங்க. கிளாசெட்டைக் கழட்ட முடிஞ்சா கழட்டி வெளிய வச்சிடுங்க, இல்லைன்னா கோணிப்பையை ரெண்டு மடிப்பா சுத்திக் கட்டுங்க. தரை டைலை வச்சுக்கப் போறீங்கன்னா அதுக்கு மேல கோணி, கோணி மேல ஒரு பிளைவுட் பலகை. உடைஞ்ச டைலோட ஓரம் கண்ணாடிச் சில் மாதிரிதான், தரையையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும். மாமியார் ரூம்ல பீரோவை நகர்த்தி, சுவர்ல மாட்டின படம், கடிகாரம், சாமி ஸ்டாண்டு எல்லாத்தையும் இறக்கி வச்சிடுங்க. வேலை நடக்கும்போது ஒருத்தர் அந்தப் பக்கம் சுவர்ல உள்ளங்கையை வச்சுக்கிட்டு நிக்கணும். அதிர்வு கைக்கு நல்லாத் தெரியும். அதிகமானா குரல் கொடுக்கணும்.

சாமான்னு பார்த்தா பெருசா ஒண்ணும் வேணாம். ஹார்டுவேர் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோட்டுல எல்லாம் கிடைக்கும். ஒரு இன்ச் பட்டை உளி ஒண்ணு, ரெண்டு இன்ச் பட்டை உளி ஒண்ணு, ரெண்டு பவுண்டு சுத்தியல், டயமண்ட் பிளேடு போட்ட நாலு இன்ச் கிரைண்டர். உளி மழுங்கியிருந்தா தீட்டிக்கோங்க. மழுங்கின உளிதான் ஓங்கி அடிக்க வைக்குது. மெஷின் வேணும்னா ரெண்டு கிலோ ரகத்து சின்ன ரோட்டரி ஹேமர் போதும். சைட்ல எந்தக் கம்பெனி மெஷினா இருந்தாலும் ஹில்டின்னுதான் சொல்லுவாங்க, பேரைக் கேட்டுப் பயப்படவும் வேணாம், மயங்கவும் வேணாம். சுத்துறதை நிறுத்தி அடிக்க மட்டும் வைக்கிற மோடுல போட்டு, வாய் வளைஞ்ச அகலமான டைல் சிசல் மாட்டணும். கூர் உளி மாட்டவே கூடாது. உங்க கான்ட்ராக்டர் சொன்ன பிரேக்கர் தரை கான்கிரீட்டை உடைக்கிறதுக்கு. அதை நாலு இன்ச் சுவர் மேல வைக்கிறது பாவம்.

கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடிமனான கிளவுஸ், மூக்குக்கு என்-95 மாஸ்க். துணியைக் கட்டிக்கிறது மாஸ்க் ஆகாது. கிரைண்டர் ஓடும்போது வர்ற தூசியில சிலிக்கா இருக்கு, அது நுரையீரல்ல போய் உக்காந்தா திரும்பி வராது. வேலைக்கு வர்றவங்க பெரும்பாலும் மாஸ்க் கொண்டு வர மாட்டாங்க. நீங்களே நாலு வாங்கி வச்சுக் கொடுங்க அக்கா. வீட்டுக்காரங்க கையால கொடுத்தா போட்டுக்குவாங்க.

இப்ப எடுக்கிற முறைக்கு வர்றேன். முதல்ல ஜாயிண்ட்டை அறுக்கணும். ஒரு டைலை அடிக்கும்போது அந்த அடி ஜாயிண்ட்ல அடைச்சிருக்கிற குரவுட் வழியா பக்கத்து டைலுக்குப் போய், அதுக்குப் பின்னால இருக்கிற பூச்சையும் அசைச்சு விடுது. ஜாயிண்ட்டை அறுத்துட்டா ஒவ்வொரு டைலும் தனி ஆளாயிடும். பிளேடு டைல் கனத்துக்கு மேல ஒரு மில்லிதான் போகணும். உங்க டைல் 6-7 மில்லி இருக்கும், உப்பின டைலைக் கையால எடுத்து அளந்து பார்த்துக்கோங்க. பிளேடுல அந்த ஆழத்துக்கு மார்க்கரால ஒரு வட்டம் போட்டு வச்சா கண்ணுக்குத் தெரியும். பைப் கோட்டுக்குள்ள கிரைண்டரும் வேணாம், அங்க ஜாயிண்ட்டைக் கையாலயே கீறி எடுங்க.

மேல் வரிசையிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். கீழ ஆரம்பிச்சா மேல இருக்கிறது பிடிமானம் இல்லாம தொங்கும், காலியா இருக்கிற இடம்னா ஒரு பலகை மாதிரி மொத்தமா ஆள் மேல சரியும். ஏழு அடியில டைல் முடியுற இடத்துல ஏற்கெனவே ஒரு ஓரம் திறந்திருக்கும், உளிக்கு அதுதான் வாசல். ஓரமே இல்லாம சீலிங் வரைக்கும் ஒட்டியிருந்தா ஒரு டைலை பலி கொடுக்கணும். நடுவுல டிரில்லால நாலஞ்சு துளை போட்டு, துளைக்கு உள்ளேர்ந்து வெளிய பார்த்து சின்னச் சின்னத் துண்டா கிள்ளி எடுங்க. ஒரே ஒரு உடைஞ்ச டைலை மட்டும் மாத்துறவங்களுக்கும் இதே முறைதான்.

உளியை எப்படிப் பிடிக்கிறதுங்கிறதுதான் இந்த வேலையோட உயிர். சுவருக்கு நேரா, ஆணி அடிக்கிற மாதிரி பிடிச்சா அடி முழுசும் செங்கல்லுக்குள்ள போகுது. சுவரோட படுத்த மாதிரி, உளிக்கும் சுவருக்கும் நடுவுல ரெண்டு விரல் மட்டும் நுழையுற சாய்வுல பிடிச்சா, அடி சுவரை ஒட்டிக்கிட்டே ஓடி டைலைக் கிளப்புது. டைலோட முதுகுக்கும் சிமென்ட்டுக்கும் நடுவுல நுனியை வச்சு, முதல்ல மெதுவா ரெண்டு தட்டு. நுனி பிடிச்சதும் மூணாவதைக் கொஞ்சம் அழுத்தமா. சத்தம் மாறும். கெட்டியா இருந்த சத்தம் திடீர்னு காலியாக் கேக்கும்போது அந்த இடம் விட்டுடுச்சுன்னு அர்த்தம், அங்கேர்ந்து உளியை ஒரு இன்ச் தள்ளி வைங்க. ஒரே இடத்துல பத்து அடி அடிக்கக் கூடாது. எங்கப்பா புது ஆள் வந்தா சுத்தியலைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி உளியைக் கையில கொடுத்து, கண்ணை மூடிக்கிட்டு சுவர்ல படுக்க வைக்கச் சொல்லுவார். முட்டி சுவரை உரசினாத்தான் சாய்வு சரின்னு அவர் கணக்கு. முட்டியில காயம் படாம இருக்க பழைய சாக்ஸைக் கிழிச்சு மாட்டிக்குவோம்.

உளியை நெம்புகோல் மாதிரி போட்டு நெம்புறவங்க உண்டு. காலியா இருக்கிற டைலுக்கு அது பரவாயில்லை. கெட்டியா இருக்கிறதை நெம்பினா உளி எந்த இடத்துல சாய்ஞ்சு நிக்குதோ அங்க பூச்சு நசுங்கி, செங்கல்லோட முனை உடையும்.

மூலையில ஒரு விஷயம் கவனிங்க. ரெண்டு சுவர் சேர்ற இடத்துல ஒரு சுவரோட டைல் இன்னொரு சுவர் டைலுக்குப் பின்னால போய் மாட்டியிருக்கும். ஜாயிண்ட் கோடு எந்தச் சுவர் பக்கம் திரும்பியிருக்குன்னு பார்த்தா எது முன்னால நிக்குது, எது பின்னால போயிருக்குன்னு தெரிஞ்சுடும். முன்னால இருக்கிற சுவரை முதல்ல முடிங்க. மாத்தி ஆரம்பிச்சா மாட்டிக்கிட்ட டைலை உடைச்சு உடைச்சு மூலைப் பூச்சு மொத்தமும் போயிடும். கதவு நிலையை ஒட்டின வரிசையை நிலையோரமா கிரைண்டரால ஒரு கோடு இழுத்துப் பிரிச்சுட்டு அப்புறம் கை வைங்க, இல்லைன்னா நிலை ஆடிடும். தூண், பீம் வர்ற இடத்துல டைல் போனதும் நிறுத்திடணும். கான்கிரீட் மேல மிச்சம் ஒட்டியிருக்கிற சிமென்ட்டை ஆழமாக் கொத்த வேணாம், உள்ள கம்பி இருக்கு.

கீழ வரிசைக்கு வரும்போது எல்லாரும் களைச்சுப் போயிருப்பாங்க. பெரிய நஷ்டம் நடக்கிறது அங்கதான். நம்ம பாத்ரூம் தரைக்குக் கீழ ஸ்லாப் பள்ளமா இருக்கும், அதுல வாட்டர் ப்ரூஃப் பண்ணி, செங்கல் ஜல்லி நிரப்பி, மேல தரை போட்டிருப்பாங்க. அந்த வாட்டர் ப்ரூஃப் பூச்சு தரையோட நிக்காது, சுவர்ல ஒரு அடி வரைக்கும் ஏறி வரும். தரையை மாத்தாம சுவரை மட்டும் மாத்துறீங்கன்னா அந்தக் கடைசி ஒரு அடியில மெஷின் கூடாது, பூச்சையும் முடிஞ்ச வரைக்கும் தொடக் கூடாது. டைல் கெட்டியா இருந்தா கீழ் வரிசையை அப்படியே விட்டுட்டு அது மேல ஒட்டுறதுகூட ஒரு வழி. அங்க ஒரு கீறல் விழுந்தா கீழ் வீட்டு சீலிங்லதான் தெரியும், அதுவும் மழைக்காலம் மாதிரி சொட்டுச் சொட்டா. தரையையும் மாத்துறதா இருந்தா கவலை இல்லை, எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா வாட்டர் ப்ரூஃப் பண்ணிக்கலாம். உங்க நிலைமையில, 1998 வீடு, டைல் ஏற்கெனவே ஈரம் குடிச்சு எழும்பியிருக்கு, பணம் ஒத்து வந்தா தரையையும் சேர்த்தே பண்ணிடுங்க.

யாராவது ஆசிட் ஊத்தினா ஜாயிண்ட் கரையும், சுலபமா வரும்னு சொன்னா கேக்காதீங்க. ஜாயிண்ட் கரையும்தான், கூடவே ஜி.ஐ. பைப்பும் அரிக்கும், மூடின பாத்ரூம்ல அந்தப் புகை நெஞ்சை அடைக்கும். தண்ணி தெளிச்சா சிமென்ட் இளகாது, தூசி மட்டும் அடங்கும். அதுக்காக லேசாத் தெளிக்கலாம், கிரைண்டர் ஓடாத நேரத்துல.

எடுத்து முடிச்சதும் திரும்ப அதே அஞ்சு ரூபாய்க் காசு. மிச்சம் இருக்கிற பூச்சு முழுசையும் தட்டிப் பாருங்க. காலியாக் கேக்கிறதை இரக்கமில்லாம எடுத்துடுங்க, அது மேல புது டைல் ஒட்டினா ரெண்டே வருஷத்துல சேர்ந்து வரும். கெட்டியா இருக்கிற பழைய சிமென்ட் திட்டுகளை மட்டம் பண்ணினா போதும். தூசியை பிரஷ்ஷால தேய்ச்சு, தண்ணி அடிச்சு, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நாலு பங்கு மணல் கலவையில பூசணும். செங்கல்லும் கான்கிரீட்டும் சேர்ற இடத்துல கோழி வலை ஆணி அடிச்சுட்டுப் பூசுங்க. ஏழு நாள் தண்ணி காட்டணும். ஆறு அடி மட்டப்பலகையை வச்சுப் பார்த்து, தூக்குக்குண்டும் போட்டுப் பார்த்துட்டுத்தான் அடுத்த வேலை.

கழிவைப் பத்தி முன்னாடியே யோசிச்சு வைங்க. உங்க பாத்ரூம்ல டைல், சிமென்ட், பூச்சு எல்லாம் சேர்த்து முக்கால் டன்லேர்ந்து ஒரு டன் வரைக்கும் வரும். கோணியில பாதிதான் நிரப்பணும், 25 கிலோவுக்கு மேல போனா தூக்குறவர் முதுகு போயிடும், கோணியும் கிழியும். முப்பது நாப்பது மூட்டை ஆகும். மூட்டை எடுக்கிற ஆட்டோக்காரர் எங்க கொண்டு போய்க் கொட்டுறார்னு கேளுங்க. ஏரிக்கரையிலயும் ராஜகாலுவேங்கிற மழைநீர்க் கால்வாய்லயும் கொட்டிட்டுப் போறதாலதான் ஒரு மழைக்கே தெருவுக்குள்ள தண்ணி வருது. கட்டுமானக் கழிவு விதிப்படி அதைப் பிரிச்சு வச்சு சரியான இடத்துல ஒப்படைக்கிற பொறுப்பு வீட்டுக்காரங்களோடது. மாநகராட்சி குறிச்சுக் கொடுத்த இடம் எதுன்னு வார்டு ஆபீஸ்ல கேட்டுட்டு ஆட்டோ பேசுங்க.

ஆள் பேசும்போது சதுர அடிக் கணக்கு வேணாம், நாள் கூலியாப் பேசுங்க. சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசினா சீக்கிரம் முடிக்கிறதுல அவங்களுக்கு லாபம், அந்த அவசரத்தை உங்க சுவர்தான் தாங்கணும். ரெண்டு ஆள், ரெண்டு நாள், ஒரு சித்தாள். மூணு மணி நேரம்னு சொன்னவர் நல்ல மனுஷராவே இருக்கலாம். இந்த முறையில செய்ய சம்மதம்னா அவரையே வச்சுக்கோங்க.

பூசுறதுக்கு முன்னாடி, சுவர் அம்மணமா நிக்கிற அந்த ஒரு நாள்ல, பழைய ஜி.ஐ. லைனை முழுசா மாத்திடுங்க. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆன பைப்பை உள்ளயே விட்டுட்டுப் புது டைல் ஒட்டுறதுல அர்த்தமே இல்லை. புது சி.பி.வி.சி. லைன் (சூடு தண்ணி தாங்குற பிளாஸ்டிக் பைப்) போட்டதும் பிளம்பரைக் கைப்பம்ப் வச்சு பிரஷர் ஏத்தச் சொல்லுங்க. ராத்திரி முழுக்க விட்டு, காலையில மீட்டர் முள் அதே இடத்துல நிக்குதான்னு நீங்களே போய்ப் பாருங்க. நின்னுச்சுன்னா, டேப் அளவுகோலை சுவர்ல விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, தரையிலேர்ந்து எவ்வளவு, மூலையிலேர்ந்து எவ்வளவுன்னு தெரியுற மாதிரி நாலு சுவரையும் போட்டோ எடுத்துக்கோங்க. பிரிண்ட் போட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கிற ஃபைல்லயே வச்சிடுங்க.